விழுந்த காமிராவும் விலகிய லென்ஸும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அருகே கறுப்புப் பை ஒன்று இருப்பதைக் காணலாம். அதற்குள் ஒரு வீடியோ காமிராவும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய காஸெட்டுகள் பத்து இருபதும் இருக்கும். மினி டி.வி. என்ற இந்தக் காஸெட்டு 1995-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. (இங்கே டி.வி. என்பது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம், தொலைக்காட்சி அன்று.) அதன் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை, குழந்தைக்குக் காது குத்தியதும், பெண்ணுக்கு மாலை மாற்றியதும், சங்கத்துப் பொங்கல் விழாவில் பையன் திருக்குறள் ஒப்பித்ததும் இந்த யந்திரத்தின் வழியாகவே ஊரிலிருந்த பாட்டன் பாட்டிமாரைச் சென்றடைந்தன.

இன்று கைப்பேசியிலேயே எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். ஆயினும், மூன்று மணி நேர நாடகத்தைத் தொடர்ந்து பிடிப்பதற்கும், மேடைக்கு நெடுந்தொலைவில் நின்று முகத்தை அருகே இழுத்துக் காட்டுவதற்கும் பழைய காமிராவை எடுப்போர் இன்னும் உள்ளனர். அப்படி எடுக்கும் வேளையில் அது கை தவறி விழுவதும் உண்டு. விழுந்த காமிராவைப் பற்றி நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. கண்ணாடி உடையவில்லை என்றால் கவலை இல்லை என்பது ஒன்று. கடைக்காரர் "சரியாகிவிட்டது" என்று சொன்னால் சரியாகிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் அபிப்பிராயம். காரணத்தை விளக்க, லென்ஸ் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

நாம் லென்ஸ் என்று சொல்வது ஒற்றைக் கண்ணாடி அன்று. வீட்டு வீடியோ காமிராவில் பல கண்ணாடிகள் சில தொகுதிகளாகப் பிரிந்து ஒரு குழலுக்குள் நிற்கின்றன. முன்தொகுதி அசையாது. அதற்குப் பின்னால் உள்ளது முன்னும் பின்னும் நகர்ந்து உருவத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டும், இதுவே ஜூம். நடுவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் இருக்கும். கடைசியாக உள்ள சிறு தொகுதி மெல்ல நகர்ந்து உருவத்தைத் தெளிவாக்கும், இது ஃபோகஸ். நகரும் தொகுதிகள் இரண்டுக்கும் தனித்தனியே சிறு மோட்டார்கள் உண்டு. காமிராவை இயக்கியவுடன் இரு தொகுதிகளும் தத்தம் தொடக்க எல்லைக்குச் சென்று தொட்டுவிட்டு, அங்கிருந்து அடி எண்ணிப் புறப்படும். ஜூம் தொகுதி இத்தனை அடி நகர்ந்தால் ஃபோகஸ் தொகுதி இத்தனை அடி நகர வேண்டும் என்ற கணக்கு, காமிராவின் நினைவுப் பகுதியில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரெயில்வேக்காரனாகிய எனக்கு இது பாயிண்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதை நினைவூட்டும். ஒன்று பிறழ்ந்தால் மற்றது சரியாக இருந்தும் பயனில்லை.

இத்தொகுதிகள் உருவத்தை வீழ்த்தும் இடமோ மிகச் சிறியது. பல வீட்டுக் காமிராக்களில் உருவம் விழும் சென்ஸாரின் அகலம் 3.6 மில்லிமீட்டர், உயரம் 2.7 மில்லிமீட்டர். அந்த உருவத்தை 32 அங்குலத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அது சுமார் 200 மடங்கு பெரிதாகிறது. எனவே, கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒரு தொகுதி தலைமயிரின் கனத்தளவு சாய்ந்தாலும், அந்தச் சாய்வும் பெரிதாகவே தெரியும். கண்ணாடியில் கீறல்கூட விழாமலே லென்ஸ் கெட்டுப்போவது இப்படித்தான்.

காமிரா விழுந்தவுடன் நம்மவர் செய்யும் முதற்காரியம், அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலமுறை இயக்கி இயக்கி அணைப்பதுதான். இதைத் தவிர்க்க வேண்டும். நகரும் தொகுதி தண்டவாளத்திலிருந்து இறங்கிய வண்டிபோல் கோணலாகச் சிக்கியிருந்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மோட்டார் அதை முட்டித் தள்ளும். சிறு கோளாறு பெருங்கோளாறாகும். ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கடகடவென்ற ஓசை வந்தாலும், உருவம் வராவிட்டாலும் உடனே அணைத்துப் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். முன்னால் மாட்டிய ஃபில்டர் கண்ணாடி உடைந்திருந்தால், லென்ஸைத் தரை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர்க் குமிழ் ஊதியால் தூளை ஊதி உதிர்க்க வேண்டும். வேட்டித் தலைப்பால் துடைத்தால் உடைந்த கண்ணாடித் தூளே உள்ளிருக்கும் நல்ல கண்ணாடியைக் கீறிவிடும். நசுங்கிப்போன ஃபில்டர் வளையத்தை இடுக்கியால் முறுக்கிக் கழற்ற முயல்வதும் ஆபத்து. அதை லென்ஸின் மரையோடு சேர்த்து நாமே முறித்துவிடுவோம்.

சில காமிராக்கள் தம் நோயைத் தாமே சொல்லிவிடும். ஸோனி காமிராக்களின் திரையில் ஈ 61 00 என்று தோன்றினால், ஃபோகஸ் தொகுதி தன் தொடக்க எல்லையை அடையவில்லை என்று பொருள். ஈ 61 10 என்றால் ஜூம் தொகுதி அடையவில்லை. ஈ 62 என்று தொடங்கினால் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் பகுதியில் கோளாறு. சி 31, சி 32 என்று தொடங்குபவை டேப் ஓடும் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை. இந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விழுந்த பிறகு தோன்றும் கோளாறு எல்லாம் விழுந்ததனால் வந்ததாகாது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில், சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் விற்ற காமிராக்களில் சென்ஸாரின் உள் இணைப்பு வெப்பத்தாலும் ஈரத்தாலும் அறுந்துபோகக் கூடும் என்று பல கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. அந்தக் கோளாறு உள்ள காமிராவில் படம் முழுவதும் கறுத்துப்போகும், அல்லது ஊதா நிறம் பாய்ந்து நெளியும். பழைய காஸெட்டு தெளிவாக ஓடுகிறது, புதிதாகப் பிடிப்பது மட்டும் இப்படி வருகிறது என்றால் லென்ஸை மாற்றப் பணம் கொடுக்கும் முன் சென்ஸாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கரக்பூர் ரெயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் இருந்தார். சிறு பிராயம் முதல் எங்களுக்கெல்லாம் அவர் கார்டு மாமா. அவர் வீட்டுக் காமிரா 2004-இல் வாங்கியது. 2016-ஆம் ஆண்டு நவராத்திரிக் கொலுவின்போது முக்காலி ஸ்டாண்டின் காலில் ஒரு குழந்தை இடறிவிட, காமிரா சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. ஆனால் திரையில் ஈ 61 10 என்ற எண் நின்றது. தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உள்ளூர்க் கடை ஒன்றில் கொடுத்தார். பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் இயக்கிக் காட்டினார். சிறு திரையில் கடையின் சுவரும் காலண்டரும் தெரிந்தன. மாமா பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தில் வெளியார் யாரையும் அமர்த்தவில்லை. மாமாவின் மூத்த பையனே கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டை நிறுத்தி, ஜூம் செய்து படம் பிடித்தான். அவன் கையில் இருந்த திரை இரண்டரை அங்குலம். அதில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. நான்காம் நாள் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார்கள். பந்தி பரிமாறியதும், வாசலில் வரவேற்றதும் தெளிவாக இருந்தன. அவை அருகே நின்று அகலமாகப் பிடித்தவை. தூரத்திலிருந்து இழுத்துப் பிடித்தவை யாவும் பனிமூட்டத்தில் பார்த்தாற்போல் கலங்கியிருந்தன. மாங்கல்ய தாரணம் அவற்றுள் ஒன்று. மாமாவின் தாயார் எண்பது வயதுக்கு மேல், திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்து, அங்கே கோரமண்டல் ஏறிக் கரக்பூர் சேர்ந்தவர். மணமேடைக்கு எதிரே முதல் வரிசையில் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். அவர் தோன்றும் இடங்கள் எல்லாம் தூரத்துக் காட்சிகளே. மறு வருஷம் அந்த அம்மையார் காலமாகிவிட்டார். பேத்தியின் கல்யாணத்தில் பாட்டி இருந்தார் என்பதற்கு அந்த டேப்பில் உள்ள அடையாளம், அரக்குப் புடவையின் நிறமும் வெள்ளைத் தலையும் மட்டுமே.

பின்னர் மாமா அக்காமிராவைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனார். நானும் துணைக்குச் சென்றேன். சாந்தினி சௌக் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியறையில் வயதான ஒருவர் இந்த வேலை செய்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் கடையில் பிடித்த டேப்பைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தார். காமிராவைத் திறந்து லென்ஸைக் கழற்றிப் பார்த்தார்.

"தாதா, கண்ணாடி மாற்ற வேண்டுமா?" என்று மாமா இந்தியில் கேட்டார்.

"கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. குழலை நிமிர்த்தியவர் கணக்கைத் திருத்தவில்லை. பழைய கணக்கு பழைய இடத்துக்கு எழுதியது. இப்போது கண்ணாடி இருப்பது வேறு இடம்."

அவர் காமிராவை மாடிக்கு எடுத்துச் சென்று, சரிசெய்யும் தனிக் கருவி ஒன்றை அதனோடு இணைத்து, வெகு தொலைவில் தெரிந்த கைப்பேசிக் கோபுரம் ஒன்றை நோக்கி வைத்தார். பிறகு கீழே வந்து சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சக்கரப் படத்தை நோக்கி வைத்தார். இதற்கு ஃபிளாஞ்ச் பேக் சரிசெய்தல் என்று பெயர். ஸோனியின் ரிப்பேர் கையேடுகளில் இதற்கு 500 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு பொருளைக் குறிவைக்கச் சொல்லியிருக்கிறது. கடையின் நான்கு சுவருக்குள் மட்டும் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு விவரமே போதும். அன்று ஒரு புதுப் பாகமும் போடவில்லை. மாலையில் ஹௌராவில் வண்டி ஏறும் முன் கங்கைக்கு அக்கரையில் நின்ற படகை இழுத்துப் பார்த்தோம். படகோட்டியின் துண்டின் கரை தெரிந்தது.

ரிப்பேரான காமிராவைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நமக்கு ஒரு நாள் தாமதமாகவேனும் வந்து சேரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று போதும். அதன் இரு பக்கங்களையும் விரித்துச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பத்தடி தூரத்தில் காமிராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். தானே ஃபோகஸ் செய்யும் வசதியை நிறுத்திவிட்டுக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். நடுக்கம் தடுக்கும் வசதியையும் நிறுத்துங்கள். படத்தைக் காமிராவின் திரையில் பாராமல் தொலைக்காட்சியில் பாருங்கள், இதுதான் முக்கியம். நடுவில் உள்ள எழுத்தும் நான்கு மூலைகளில் உள்ள எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிய வேண்டும். மூலைகள் நான்குமே சிறிது மங்கினால் குற்றமில்லை. பல லென்ஸ்களின் இயல்பு அது. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் ஏதோ ஒரு தொகுதி சாய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

காமிராவை நாம் சுவருக்குக் கோணலாக வைத்ததும் காரணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் அறியலாம். காமிராவைத் தலைகீழாக, அதே இடத்தில், புத்தகங்களை அடுக்கி நிறுத்தி மீண்டும் பாருங்கள். முன்பு பத்திரிகையின் வலப்பக்கம் கலங்கியிருந்து இப்போது இடப்பக்கம் கலங்கினால் குற்றம் லென்ஸினுடையது. அதே வலப்பக்கமே கலங்கினால் நிறுத்திய விதத்தில்தான் குற்றம்.

அடுத்தது தூரச் சோதனை. காலனி மாடியிலிருந்து பார்த்தால் மின்சார ரெயில் பாதையின் கம்பங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கம்பத்திலும் கிலோமீட்டர் எண்ணும், அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது கம்பம் என்ற எண்ணும் எழுதியிருக்கும். அகலப் பாதையில் ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அதிக அளவு 72 மீட்டர் விடுவார்கள். ஆகவே, பத்துக் கம்பம் எண்ணினால் பெரும்பாலும் அரைக் கிலோமீட்டர் தாண்டிவிடும். (இதற்காக யாரும் பாதைமேல் இறங்கி நிற்க வேண்டாம், அது ஆபத்து, சட்டப்படி குற்றமுங்கூட.) ரெயில் பாதை இல்லாத ஊரில் தண்ணீர்த் தொட்டியோ கோபுரமோ இருக்கும். ஜூமை முழுவதும் இழுத்து, தூரப் பொருளைக் கையால் ஃபோகஸ் செய்து, பின்னர் ஃபோகஸைத் தொடாமல் மெதுவாக அகலத்துக்கு வந்து, மறுபடியும் இழுங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை தெளிவு மாறாதிருக்க வேண்டும். வழியில் கலங்கினாலும், முழுவதும் இழுத்த நிலையில் தெளிவே வராவிட்டாலும், கல்கத்தாப் பெரியவர் சொன்ன கணக்குத் திருத்தப்படவில்லை என்று கொள்ளலாம். இரவில் தூரத்து விளக்கு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புள்ளியாக நிற்க வேண்டிய ஒளிக்கு எப்போதும் ஒரே பக்கமாக வால் முளைத்தாற்போல் இருந்தால் அதுவும் சாய்வின் அடையாளமே.

இவ்வளவையும் கடையிலேயே செய்ய முடியாதுதான். ஆனால் பத்திரிகையைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். கடை வாசலில் நின்று தெருக்கோடிப் பலகை ஒன்றை இழுத்துப் பார்க்கலாம். மீதத்தை வீட்டில் மறுநாளே செய்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை பையைத் திறக்காமல் வைத்திருப்பதில் பயனில்லை. காமிராவைக் கடையில் கொடுக்கும்போது, அது படம் பிடிக்கும் நிலையில் இருந்தால், கோளாறு தெரியும்படி ஒரு நிமிஷம் பிடித்து அந்த டேப்பையும் உடன் கொடுங்கள். பாகம் மாற்றினார்களா, நிமிர்த்தினார்களா, ஃபிளாஞ்ச் பேக் சரிசெய்தார்களா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இப்படிக் கேட்பவரிடம் முகம் சுளிக்கும் கடையைவிட்டு வேறு கடை பார்ப்பதே நலம்.

சில சங்கங்கள் லென்ஸைக் கழற்றி மாட்டத்தக்க பெரிய காமிராவைப் பழைய விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றன. அவற்றில் இந்தக் கணக்கை மின்சார நினைவில் எழுதுவதில்லை. லென்ஸின் பின்புறத்தில் ஒரு வளையமும் அதை இறுக்கும் திருகும் உண்டு. அடிபட்டாலோ, திருகு தளர்ந்தாலோ அந்த வளையம் நகர்ந்துவிடும். அதனால் விளையும் கோளாறு கார்டு மாமா வீட்டில் கண்டதற்கு நேர்மாறானது. இழுத்துப் பிடித்து ஃபோகஸ் செய்தது தெளிவாக இருக்கும், அகலமாக்கினால் கலங்கும். இதை நாமே திருத்தலாம். ஐரிஸை முழுவதும் திறந்து, சுமார் 3 மீட்டர் தூரத்தில் ஒரு படத்தை வைத்து, முழுவதும் இழுத்து முன்வளையத்தால் ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு முழுவதும் அகலமாக்கிப் பின்வளையத்தால் தெளிவாக்க வேண்டும். இப்படி மாறி மாறி மூன்று நான்கு முறை செய்து, இரண்டு நிலையிலும் தெளிவு நின்றதும் திருகை இறுக்கிவிடலாம். அருகில் உள்ள மாக்ரோ வளையம் தன் இடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது மட்டும் நகர்ந்திருக்க, லென்ஸே கெட்டுவிட்டதென்று கலங்குவோர் உண்டு.

முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தால் மனம் பதறும். ஆனால் பெரும்பாலும் படத்தில் அது தெரியாது. சூரியனோ விளக்கோ நேரே கண்ணாடியில் விழும்போது மட்டும் வெளுப்பாக ஒரு கோடு வரலாம். அதற்குக் கையால் நிழல் காட்டினால் போதும். அதைவிடக் கெடுதல் செய்வது ஹோமப் புகையில் ஏறிப் படியும் நெய்ப் பிசுக்கு. லென்ஸ் துடைக்கும் தாளில் அதற்குரிய திரவம் ஒரு துளி விட்டு மெல்லத் துடைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இருப்போர் மழைக்காலத்தில் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கட்டும். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் அதைத் துடைக்கக் குழலைத் திறக்க வேண்டிவரும். திறந்தால் மறுபடியும் இந்தக் கணக்குத் தொல்லைதான்.

கைப்பேசிக்காரர்களும் பத்திரிகைச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கைப்பேசியில் லென்ஸும் சென்ஸாரும் ஒரே துண்டாக மாற்றப்படுவதால் கணக்கு எழுதும் வேலை பெரும்பாலும் இல்லை. ஆயினும், மாற்றிய துண்டு கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் கலங்குவது இங்கும் நேரும்.

ஒருகால் லென்ஸ் திருந்தவே திருந்தாது, பாகமும் கிடைக்காது என்று தெரிந்தாலும் காமிராவைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் கண் போனாலும் டேப்பை ஓட்டும் பகுதி பழுதின்றி இருக்கலாம். பையில் இருக்கும் காஸெட்டுகளைப் பார்க்க நம்மிடம் உள்ள யந்திரம் பெரும்பாலும் அது ஒன்றே. ஃபயர்வயர் என்னும் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் டேப்பில் உள்ளபடியே நகல் எடுக்கலாம். புதிய கம்ப்யூட்டர்களில் அதற்கான துளை இல்லாததால், பழையது ஒன்றை யாரிடமிருந்தேனும் இரவல் வாங்க நேரிடும். ஒரு மணி நேரக் காஸெட்டுக்கு நகல் எடுக்கவும் ஒரு மணி நேரம் ஆகும். சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். கார்டு மாமா வீட்டில் ஞாயிறுதோறும் இரண்டு காஸெட்டுகளாக எடுத்து வந்தார்கள். ஆறாவது ஞாயிறு, 2006-ஆம் வருஷத்து டேப் ஒன்றில், ஊரில் கிணற்றடியில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாட்டியின் முகம், நெற்றி விபூதி உட்பட, துல்லியமாக வந்தது.